எல்லா டெஸ்டும் நார்மல் என்று வந்த பிறகு

மனச்சோர்வு என்றால் ஓயாத அழுகை, இருட்டறை, யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது நெஞ்சு பாரம், வயிற்றெரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு வரும் விழிப்பு. அதனாலேயே சரியான டாக்டரிடம் போய்ச் சேர ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. கையிலிருந்து அறுபதாயிரத்துக்கு மேல் போனது. "இது மனசு சம்பந்தப்பட்ட நோயாவும் இருக்கலாம், அதுக்கும் டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு" என்று யாராவது ஒருத்தர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அந்தப் பத்து மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும். அந்த ஒருத்தராக உங்களுக்கு நான் இருந்துவிட்டுப் போகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். உட்கார்ந்து படிக்கவே தெம்பில்லாத நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை. கணவர் குவைத்தில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒரே மகன், அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, கழுத்தை நெரிக்கிற கடனும் இல்லை. 2023 ஆடி மாதம் வாக்கில் தூக்கம் கெட ஆரம்பித்தது. பத்து மணிக்குப் படுத்தால் தூங்கிவிடுவேன். மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியதுபோல் விழிப்பு வரும், அதன்பிறகு ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. விடிய விடிய நெஞ்சின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்ததுபோல் பாரம். காலை நேரம்தான் மிக மோசம். சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாகும். இப்படி விடியுமுன் விழிப்பதும் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருப்பதும் மனச்சோர்வில் அடிக்கடி காணப்படும் அடையாளங்கள் என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

சாப்பாடு மண்ணாகிவிட்டது. தாவணி வயதில் இருந்த எடைக்கு இறங்கிவிட்டேன், அக்கம்பக்கத்தில் "டயட்டா?" என்று கேட்டார்கள். அதைவிடப் பயமாக இருந்தது தலை வேலை செய்யாததுதான். ஒருநாள் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றேன். பதினெட்டு வருடமாக வைக்கிற குழம்பு. கடுகு டப்பா கண் எதிரில் இருக்கிறது, கை போகவில்லை. எண்ணெய் புகைந்து கறுக்க ஆரம்பித்த பிறகு மகன் ஓடி வந்து அடுப்பை அணைத்தான். "என்னம்மா ஆச்சு?" என்றான். சொல்ல எனக்கே தெரியவில்லை. அலுவலகத்திலும் அதே கதி. மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். 2பி என்கிற ஜிஎஸ்டி பட்டியலோடு பில்களை ஒத்துப் பார்க்கிற வேலை எனக்கு ஒரு மணி நேர வேலை. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், மனதில் ஏறாது.

நெஞ்சு பாரம் என்றால் யாராக இருந்தாலும் முதலில் இதயம் என்றுதான் நினைப்போம். நினைக்கவும் வேண்டும். நெஞ்சுவலியை மனசு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். எல்லாம் நார்மல். வயிற்றுக்கு வேறு டாக்டர், எண்டோஸ்கோபி. லேசான புண் இருக்கிறது என்று கேஸ் மாத்திரை. தலைவலிக்கு வேறொருவர், தலைக்கு ஸ்கேன். அதுவும் நார்மல். ஒவ்வொரு இடத்திலும் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாம இருங்க" என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் அப்போது என்னை எப்படிக் குத்தியது என்று சொல்லி மாளாது. ஒன்றுமில்லை என்றால் நான் நடிக்கிறேனா? ஒன்றுமில்லாததற்கா இத்தனை செலவு? ஆட்டோவில் திரும்பும்போது ஏதாவது ஒரு நோய் இருக்கிறது என்று வந்துவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. பரிசோதனைகள் மட்டும் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டின. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது அப்போதுதான்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. அடிப்படைப் பரிசோதனைகள் நார்மல் என்று வந்துவிட்டு, கஷ்டம் மட்டும் அப்படியே இருந்தால், நான்காவது ஸ்கேனுக்குப் போவதற்கு முன்னால் அதே டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "சார், இது மனச்சோர்வா இருக்குமா? மனநல மருத்துவரைப் பார்க்கட்டுமா?" நம் ஊர்களில் புறநோயாளிக் கூட்டத்தில் ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். நாம் நெஞ்சு என்று சொன்னால் நெஞ்சைப் பார்ப்பார்கள், வயிறு என்றால் வயிற்றை. தூக்கம் போனது, எதிலும் பிடிப்பில்லாதது, வேலை ஓடாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் அவர்களுக்கும் பொறி தட்டும். எனக்கு அது தெரியாது. உடம்பைப் பற்றி மட்டும்தான் டாக்டரிடம் பேச வேண்டும் என்றுதான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம்.

அம்மா பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "ஏண்டி இப்படிக் கரைஞ்சி போயிட்ட? யாரு கண்ணு பட்டுச்சோ" என்று மறுநாளே திருவதிகைக்கு அழைத்துப் போனார். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த தலம் என்பதால் எங்கள் பக்கத்தில் தீராத வயிற்றுவலி என்றாலே வீரட்டானேசுவரர்தான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பிரகாரத்தில் அம்மா தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேரம்தான் அந்த மாதத்திலேயே எனக்குக் கிடைத்த ஆறுதல். ஆனால் அதோடு நிற்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, செய்வினை கழிக்கிறேன் என்று ஒருவர் பதினோராயிரம் வாங்கினார். டாக்டர் மாத்திரை எதையும் இனிமேல் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. கோயிலும் வைத்தியமும் கூடவே போகலாம், போக வேண்டும் என்றே நான் சொல்வேன். மருத்துவத்தை நிறுத்து என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய சாமியாராக இருந்தாலும், அந்தப் பக்கம் இனிப் போகாதீர்கள்.

அடுத்தது தூக்க மாத்திரை. தெரிந்த ஒருவர் சொல்லி ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே அல்பிரசோலம் கொடுத்தார்கள். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் ஒன்று போதவில்லை, ஒன்றரை வேண்டியிருந்தது. பகலெல்லாம் தலை கிறுகிறுக்கும். இந்த வகை மாத்திரைகள் பதற்றத்தை அந்த நேரத்துக்கு அடக்கும், அவ்வளவுதான். மனச்சோர்வு அடியில் அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அப்புறம் திடீரென்று நிறுத்தவும் கூடாது. என்னை அதிலிருந்து விடுவிக்கவே பின்னால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துப் பல வாரம் எடுத்துக்கொண்டார்.

இடையில் ஒரு ஆலோசனை மையத்தில் எதிர்மறை ஆற்றலை எடுக்கிறோம் என்று பன்னிரண்டாயிரம் முன்பணம் வாங்கினார்கள். மூளையில் ஏதோ ஒளியைப் பாய்ச்சுவதாகச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வார்கள். இதனால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் படித்து, அதற்குமேல் மனநலத்தில் எம்டி, டிபிஎம் அல்லது டிஎன்பி முடித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியில் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பார். பதிவு எண் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார், சொல்வார். இந்த இரண்டும் இல்லாமல், பத்து அமர்வுக்கு மொத்தப் பணத்தை முன்கூட்டியே கேட்கிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2024 சித்திரை வெயிலில் நான் இருந்த நிலையை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. என்னால் யாருக்கும் பயனில்லை, மகனுக்கு நான் பாரம், குவைத் வெயிலில் அவர் சம்பாதிப்பதை நான் டெஸ்டுக்குக் கொட்டுகிறேன் என்று மனதுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். சாக வேண்டும் என்று திட்டமெல்லாம் போடவில்லை. ராத்திரி படுக்கும்போது, காலையில் விழிக்காமல் இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று மட்டும் தோன்றும். அதைத் தினமும் நினைத்தேன். அது நோயின் குரல் என்று அப்போது தெரியாது, உண்மை என்றே நம்பினேன்.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மகன் நன்றாகவே மார்க் எடுத்திருந்தான். அவன் ஓடி வந்து சொன்னபோது எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. சிரிக்க வேண்டுமே என்று வாயை இழுத்துச் சிரித்தேன், அவனுக்கு அது புரிந்துவிட்டது. முகம் வாடிப் போய் உள்ளே போனான். அன்று ராத்திரி டிவியில், மார்க் குறைந்த மாணவர்கள் மனம் தளர வேண்டாம், 14416க்கும் 104க்கும் பேசுங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காகப் போட்ட எண் அது. மூன்று மணிக்கு வழக்கம்போல் விழிப்பு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் நான் 14416க்குப் போட்டேன். ஒரு பெண் பேசினார். "சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்" என்றார். இப்போது தனியாக இருக்கிறேனா, சாப்பிட்டேனா, எத்தனை நாளாக இப்படி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "இது உங்க பலவீனம் இல்லம்மா, மனச்சோர்வு நோய் மாதிரி தெரியுது. டாக்டர் பார்த்துதான் உறுதியாச் சொல்ல முடியும். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்க" என்றார். பத்து மாதத்தில் முதல் முறையாக ஒருவர் எனக்கு என்ன இருக்கலாம் என்று சொன்னார். மாடிச் சுவரில் சாய்ந்து நன்றாக அழுதேன். அதற்கு முன்னால் அழுகைகூட வராமல்தான் இருந்தது.

இருந்தாலும் போவதற்குப் பயம். நாம் வளர்ந்த ஊரில் மனநல மருத்துவமனை என்றால் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ பேரைக் குணப்படுத்தி அனுப்புகிற மருத்துவமனையை ஒரு வசைச் சொல்லாகவே ஆக்கிவைத்திருக்கிறோம். இன்னொரு பக்கம் ஏர்வாடி. 2001இல் அங்கே மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகியது என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மனநலம் என்றாலே அந்தச் சங்கிலிதான் கண்முன் வரும். இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டவே கூடாது என்பதும், மனச்சோர்வுக்காகப் போகிற பெரும்பாலோர் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

கடலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று புதுச்சேரிக்குப் போனேன். துணி எடுக்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் லீவு. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக, இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தபடியே போனேன். தனியார் கிளினிக். காத்திருக்கும் இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், கல்லூரிப் பையன், ஒரு வயதான தம்பதி, போலீஸ்காரர் போலத் தெரிந்த ஒருவர். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிற முகங்கள். பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

டாக்டர் ஐம்பது வயது இருக்கும் பெண்மணி. முக்கால் மணி நேரம் பேசினார். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார், பி.எச்.க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் ஈடுபாடு, மனநிலை, தூக்கம், களைப்பு, பசி, குற்ற உணர்வு, கவனம், அசைவு மந்தம், சாவு எண்ணம் எந்த அளவுக்கு இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. எனக்கு 19 வந்தது. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றார். தாளை மட்டும் வைத்து முடிவு சொல்லவில்லை. தைராய்டு, ரத்தத்தின் ஹீமோகுளோபின், பி12 பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வருமாம். அத்தனை டெஸ்ட் எடுத்தும் தைராய்டு மட்டும் யாரும் பார்க்கவில்லை! நல்லவேளை சரியாக இருந்தது. இன்னொரு கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது: "எப்பவாவது ராத்திரி தூக்கமே தேவையில்லாம, ரொம்ப உற்சாகமா, கண்டபடி செலவு பண்ணிட்டு, படபடன்னு பேசிட்டு இருந்த நாட்கள் உண்டா?" அப்படி இருந்திருந்தால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம் என்று விளக்கினார். அதனால் இந்த மாதிரி கேள்விகளுக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

சாவு எண்ணம் பற்றி நேருக்கு நேர் கேட்டார். சொன்னால் அட்மிட் பண்ணிவிடுவார்களோ, போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று தயங்கினேன். சொன்னேன். அவர் பதறவும் இல்லை, திட்டவும் இல்லை. எவ்வளவு அடிக்கடி, திட்டம் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, வீட்டில் மீதி இருந்த தூக்க மாத்திரைகளை அடுத்த முறை கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். எண்ணம் பலமானால் யாருக்கு முதலில் போன் செய்வேன் என்று என் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தார். தம்பி பெயரை எழுதினேன். உங்கள் வீட்டில் யாரையாவது பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது, பாரம்தான் இறங்கும். தற்கொலைக்கு முயன்றவர்களைத் தண்டிக்கக் கூடாது, கவனிப்பு தர வேண்டும் என்றுதான் அந்த 2017 சட்டமும் சொல்கிறது.

எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் பாதி மாத்திரை, அப்புறம் முழு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அடுத்து அவர் சொன்னதைத்தான் இந்த மாத்திரை போடத் தொடங்குகிற எல்லோரும் சுவரில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்: "முதல் ரெண்டு வாரம் பக்கவிளைவு மட்டும்தான் தெரியும். பலன் அப்புறம்தான் வரும். நடுவுல விட்டுடாதீங்க." அப்படியேதான் ஆனது. மூன்றாம் நாள் குமட்டல், கொட்டாவி, கை நடுக்கம், விசித்திரமான கனவுகள். பதற்றம் முன்பைவிட அதிகமானது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றியது. அவர் முன்னாலேயே சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் குப்பையில் போட்டிருப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் குமட்டல் தானாக அடங்கியது. தாங்க முடியாத பதற்றமோ, சாவு எண்ணம் கூடுவதோ இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். புரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயம் கூடும் என்று எனக்குப் பாராசிட்டமால் மட்டும் போடச் சொன்னார். தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும் அவரே சொன்னார். பெண்கள் நாம் இதை வாய் திறந்து கேட்கவே மாட்டோம். கேளுங்கள், அளவை மாற்றவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது.

கணவரிடம் சொன்னது தனிக் கதை. வாட்ஸ்அப்பில், "என்னங்க, எனக்கு மனசுக்குத்தான் வைத்தியம் பாக்கணுமாம்" என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் என்னா கொறை வெச்சேன் உனக்கு?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, குரல் உடைந்துதான் கேட்டார். அவர் குறை வைத்ததால் வந்ததல்ல என்று புரியவைக்க என்னால் முடியவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரே அவரோடு போனில் ஐந்து நிமிடம் பேசினார். அன்றிலிருந்து தினமும் காலையில் "மாத்திரை போட்டியா?" என்று மெசேஜ் வரும். வீட்டு ஆளை ஒருமுறையாவது டாக்டரோடு பேச வைத்துவிடுங்கள், நாமே மாய்ந்து மாய்ந்து விளக்குவதைவிட அது மேல். மகனிடம் நான் நேராகவே சொன்னேன். "அப்ப அன்னைக்கு நீ என்மேல கோவத்துல இல்லையாம்மா?" என்று கேட்டான். ரிசல்ட் நாளை இவ்வளவு காலமாக மனதில் வைத்திருந்திருக்கிறான்.

ஒரே நாளில் சந்தோஷம் பொங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் தூக்கம் திரும்பியது. மூன்று மணி விழிப்பு நாலரை ஆனது, அப்புறம் ஐந்தரை. பிறகு பசி. ஐந்தாறு வாரம் இருக்கும், வாசலில் மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் சங்கரா மீன் விலையைக் கேட்டு, "போன வாரம் இவ்ளோ சொல்லலியே" என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மகன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். பேரம் பேசவும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. கூடவே உளவியலாளர் ஒருவரிடமும் போனேன். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், நேரம் குறித்து ஒரு சின்ன வேலை செய்யச் சொன்னார். ஐந்தரை மணிக்கு மல்லிகைச் செடிக்குத் தண்ணீர், ஆறு மணிக்குத் தெருமுனைவரை நடை. செய்ததும் எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். முதல் வாரமெல்லாம் ஒன்று, இரண்டுதான். மெல்ல மெல்ல ஏறியது. மாத்திரையா பேச்சா என்று கேட்டால், எனக்கு மாத்திரை எழுந்து நிற்கவைத்தது, பேச்சு நடக்கவைத்தது. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம், அதை டாக்டர் சொல்லட்டும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, புதுச்சேரி சாலையில் வெள்ளம் ஏறிப் பஸ் நின்றுபோனது. என் மாத்திரை அந்த வாரத்தோடு தீர்கிற கணக்கு. பக்கத்துக் கடைகளில் அந்த மருந்து இல்லை. நாலைந்து நாள் மாத்திரை இல்லாமல் போனது. தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் அடித்ததுபோல் ஒரு வெட்டு, தலைசுற்றல், எரிச்சல், அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று நடுங்கிப் போனேன். டாக்டருக்குப் போன் செய்தபோது, திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும், மறுபடி போட்டதும் அடங்கிவிடும் என்றார். அடங்கியது. இந்த மருந்துக்கு நாம் அடிமையாவதில்லை, தூக்க மாத்திரைபோல அளவு ஏறிக்கொண்டே போவதும் இல்லை. ஆனால் நிறுத்துவதை மட்டும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்வது, ஐப்பசி பிறக்கும்போதே பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, சீட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். சீட்டை மொபைலிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாவு எண்ணம் உள்ளவர் இருந்தால் அந்தக் கவர் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

நன்றாகிவிட்டது என்று தோன்றியபின்னும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வர வாய்ப்புண்டு, பாதியில் விட்டால் அது சீக்கிரம் வரும் என்றார். எனக்கு இப்போது அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். கடையில் வாங்கியபோது மாத்திரைச் செலவு மாதம் முந்நூறு நானூறு ரூபாய்தான் ஆனது. நான் தேடி அலைந்த காலத்துச் செலவில் இந்த வைத்தியத்தைப் பல வருடம் பார்த்திருக்கலாம். இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும், புறநோயாளிச் செலவு வராது, பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு நான் புதுச்சேரிக்கு அலைவதையும் குறைத்துக்கொண்டேன். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். டாக்டர் பார்ப்பதும் இலவசம், மாத்திரையும் இலவசம். சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரிக்காரர்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர், இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று நினைத்த அதே வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். முதல் முறை போகிறவர்கள் ஆதார் அட்டை, பழைய டெஸ்ட் ரிப்போர்ட், இப்போது போடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கஷ்டம், எப்போதிருந்து என்பதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது, உள்ளே போனதும் வார்த்தை வராமல் போகும். பேசவே முடியாவிட்டால் அந்தத் தாளை நீட்டினால் போதும். சீட்டு கொடுக்கிற இடத்தில் மனநலப் பிரிவு என்று கேளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குமேல் கூட்டம் கூடிவிடும்.